பூச்சு இல்லாத மரம்: சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரின் வாழ்வு



மீட்பின் வரலாறு நெடுகிலும் மரங்கள் நிற்கின்றன. ஏதேன் தோட்டத்தின் நடுவே ஒரு மரம் நின்றது. பெருவெள்ளத்தில் நோவாவின் குடும்பத்தைக் காத்தது மரப்பேழை. பாலைநிலத்தில் உடன்படிக்கைப் பேழை சித்திம் மரத்தால் செய்யப்பட்டது. அந்த வேலைக்காகவே பெட்சலேல் என்னும் கைவினைஞரைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்துத் தம் ஆவியால் நிரப்பினார் என்று விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். நம் ஆண்டவர் சூசையப்பரின் தச்சுப் பட்டறையில் வளர்ந்தார். கல்வாரியில் மரத்தின்மீதே உயிர் தந்தார்.

மரத்தை இவ்வளவு நெருக்கமாகப் போற்றும் நாம், மரம் செதுக்கியவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சுரூபத்தின் முன் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அதைச் செதுக்கிய கை யாருடையது என்று கேட்பதில்லை. அப்படி ஒரு கையைப் பற்றித்தான் இன்று சிந்திக்க இருக்கிறோம். ஜெர்மனியில் 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரச்சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடர் இவர். புனிதர் பட்டம் பெற்றவர் அல்லர். பட்டறை நடத்தியவர், நகர மன்றத்தில் அமர்ந்தவர், மூன்று மனைவியரை ஒருவர் பின் ஒருவராக அடக்கம் செய்த குடும்பத் தலைவர். நம்மைப் போன்ற ஒரு பொதுநிலையினர். ஆனால் அவர் வாழ்வும் அவர் செதுக்கிய மரமும் நம்மிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: மேல்பூச்சு உரிந்த பிறகு நம்மிடம் மிஞ்சுவது என்ன?

வூர்ஸ்பர்க் நகருக்கு வந்த இளைஞர்

ரீமன்ஷ்னைடர் 1460ஆம் ஆண்டளவில் ஹைலிகன்ஸ்டாட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையின் பெயரும் டில்மன்தான். அவர் ஓஸ்டரோடே என்ற ஊரில் நாணயச்சாலையின் பொறுப்பாளராக இருந்தார். தந்தையின் உடன்பிறந்த நிக்கோலாஸ் என்பவர், மைன் ஆற்றங்கரையில் உள்ள வூர்ஸ்பர்க் நகரில் ஆயரின் நிர்வாகத்தில் பணியாற்றினார். இந்த உறவின் வழியாகவே இளைஞர் டில்மனுக்கும் வூர்ஸ்பர்க்குக்கும் தொடர்பு உண்டானது.

1483ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் அவர் அந்நகரின் புனித லூக்கா சங்கத்தில் பணியாளராகச் சேர்ந்தார். ஓவியர், சிற்பி, கண்ணாடி வேலை செய்பவர் ஆகியோரின் தொழிற்சங்கம் அது. அன்னை மரியாவின் திருவுருவத்தை முதன்முதலில் தீட்டியவர் புனித லூக்கா என்னும் மரபு இருப்பதால், கலைஞர்கள் அவரையே பாதுகாவலராகக் கொண்டார்கள். அக்காலத்தில் சங்கத்தில் இடம் பெறாத எவரும் நகரில் தனியே தொழில் நடத்த முடியாது.

1485இல் ஒரு பொற்கொல்லரின் விதவையான அன்னாவை அவர் மணந்தார். அன்னாவுக்கு ஏற்கெனவே மூன்று ஆண் பிள்ளைகள் இருந்தார்கள். திருமணத்தால் வீடும் கிடைத்தது, பட்டறையும் கிடைத்தது. அதே ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நகரக் குடிமகனாகவும் சங்கத்தின் ஆசானாகவும் பதிவு பெற்றார். அன்னா 1494இல் இறந்தார். பின்னர் அவர் மறுமணம் செய்துகொண்டார். அவருடைய மகன்களும் தந்தையின் கலைத்தொழிலுக்கே வந்தார்கள். யோர்க் என்னும் மகன் பின்னாளில் பட்டறையை ஏற்று நடத்தினார். 1501 முதல் 1517 வரையிலான காலத்தில் மட்டும் 12 பேர் அவரிடம் தொழில் பயிலப் பதிவு செய்துகொண்டார்கள். தென்ஜெர்மனியில் அவருடையது மிகப் பெரிய பட்டறைகளில் ஒன்றாக வளர்ந்தது.

ஊர் நடுவே நின்ற மரம்

அவர் மிகுதியாகச் செதுக்கியது லிண்டன் மரத்தை. இதய வடிவ இலையும், கோடையில் மணம் வீசும் மஞ்சள் வெண் பூவும் கொண்ட மரம் அது. ஜெர்மானிய மக்களுக்கு அது வெறும் மரம் அன்று. நம் ஊர்களில் ஆலமரத்தடியும் அரசமரத்தடியும் எப்படியோ, அவர்கள் ஊர்களில் லிண்டன் மரத்தடி அப்படி. அதன் நிழலில் ஊர் கூடியது, வழக்குகள் விசாரிக்கப்பட்டன, திருவிழா நாளில் இளைஞர்கள் ஆடினார்கள். பூவில் தேனீக்கள் மொய்த்தன. காய்ந்த பூவைக் கொதிக்க வைத்துச் சளிக்கும் காய்ச்சலுக்கும் குடித்தார்கள். பட்டையின் நாரைத் திரித்துக் கயிறு செய்தார்கள். ஊரை வாழவைத்த அதே மரத்தைத்தான் ரீமன்ஷ்னைடர் ஆலயத்துக்கு எடுத்துச் சென்றார்.

வடக்கு ஜெர்மனியின் சிற்பிகள் ஓக் மரத்தில் செதுக்கினார்கள். ஓக் வைரம் பாய்ந்த, உறுதியான மரம். உளிக்கு எளிதில் வளைந்து கொடுக்காது. லிண்டன் மென்மையானது, சீரானது. எந்தப் பக்கம் உளியை ஓட்டினாலும் பெரிதாகச் சிம்பு கிளம்பாது. விரலின் நகம், கன்னத்தின் சுருக்கம், காற்றில் அலையும் முடிச்சுருள் என நுணுக்கமான எதையும் அதில் கொண்டுவரலாம்.

ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு. காயும்போது அது வெகுவாகச் சுருங்கும். அடிமரத்தின் வெளிப்பகுதி நடுப்பகுதியைவிட அதிகமாகச் சுருங்குவதால் மரம் வெளியிலிருந்து உள்நோக்கி வெடிக்கும். மாதக்கணக்கில் பாடுபட்டுச் செதுக்கிய முகத்தின் குறுக்கே ஒரு பிளவு ஓடிவிட்டால் எல்லாம் வீண். ஆகவே சிற்பிகள் உருவத்தின் முதுகுப் பக்கத்தைக் குடைந்து எடுத்தார்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் மரம் தன் போக்கில் சுருங்க இடம் கிடைக்கும், முகம் தப்பும். பீடத்தில் கம்பீரமாக நிற்கும் பல உருவங்களின் பின்புறம் தோணியைப் போலக் குழிவாக இருப்பது இதனால்தான். செதுக்கும்போது மரத்தை நிமிர்த்தி வைக்கவும் மாட்டார்கள். மேசையின்மீது கிடத்தி, தலையிலும் காலிலும் முளையடித்துப் பிடித்துக்கொண்டு, கொட்டாப்புளியும் உளியுமாக வேலை செய்வார்கள். தலையில் முளை இருந்த துளையைக் கடைசியில் சிறு மரத்துண்டால் அடைப்பார்கள்.

மரத்தை அதட்டி வேலை வாங்க முடியாது. அதன் ஓட்டம் எந்தப் பக்கம், முடிச்சு எங்கே, ஈரம் எவ்வளவு என்று கேட்டறிந்துதான் உளி வைக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பவர்களுக்கும், ஆன்மாக்களை வழிநடத்தும் குருக்களுக்கும் இதில் பாடம் உண்டு அல்லவா?

பொன் பூசாத பீடம்

அந்நாளில் ஒரு மரச்சிற்பம் உளியோடு முடிவதில்லை. சிற்பி செதுக்கிய பின் ஓவியர் வருவார். மரம் முழுவதும் வெண்சுண்ணப் பூச்சு பூசி மெழுகுவார். அதன்மேல் தோலுக்கு ஒரு நிறம், ஆடைக்கு ஒரு நிறம், விளிம்புகளுக்குத் தங்க இலை. மக்கள் பார்ப்பது வண்ணத்தையும் பொன்னையும்தான். மரம் உள்ளே மறைந்துவிடும்.

1490இல் முன்னர்ஸ்டாட் என்ற ஊரின் மன்றம், தங்கள் ஆலயத்தின் தலைமைப் பீடத்தை ரீமன்ஷ்னைடரிடம் ஒப்படைத்தது. மகதலா மரியாவுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலயம் அது. பாலைநிலத்தில் தவமிருந்த மகதலா மரியாவை வானதூதர்கள் மேலே தூக்கிச் செல்லும் காட்சி நடுவில் அமைந்தது. 1492இல் பீடம் முடிந்தபோது அதில் பொன்னும் இல்லை, வண்ணமும் இல்லை. மரம் மரமாகவே நின்றது. வண்ணமின்றி நிறுவப்பட்ட பெரிய மரப் பீடங்களில் காலத்தால் முந்தியவற்றுள் ஒன்று அது.

அந்த வழியையே அவர் பல பீடங்களில் பின்பற்றினார். மரத்தின்மேல் மெல்லிய, ஒளி ஊடுருவும் பழுப்புப் பூச்சு மட்டும் கொடுத்தார். கண்மணிக்குச் சிறிது கருமை, உதட்டுக்குச் சிறிது சிவப்பு, அவ்வளவுதான். துணியின் நெசவைக் காட்டச் சிறு கருவிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தினார். சுண்ணம் பூசினால் அந்தப் புள்ளிகள் அடைந்துபோகும். அதாவது, பூச்சு வராது என்று தெரிந்தேதான் செதுக்கினார். அவருடைய எல்லாச் சிற்பங்களும் இப்படிப்பட்டவை அல்ல. வண்ணம் தீட்டப்பட்டவையும் உண்டு. ஆயினும் வண்ணத்தின் துணையின்றி, ஒளியையும் நிழலையும் மட்டும் நம்பி மரத்தில் முகங்களைப் பேசவைத்தது அவருடைய தனிச்சிறப்பு.

முன்னர்ஸ்டாட் மக்களுக்கு இது பிடிபடவில்லை போலும். 1504, 1505ஆம் ஆண்டுகளில் வேறொரு புகழ்பெற்ற சிற்பியான ஃபைட் ஷ்டோஸ் என்பவரைக் கொண்டு அதே பீடத்துக்கு வண்ணமும் பொன்னும் பூசவைத்தார்கள். பிற்காலத்தில் பீடம் பிரிக்கப்பட்டது. மகதலா மரியா இன்று மூனிச் நகர அருங்காட்சியகத்தில் மீண்டும் பூச்சில்லாத மரமாகக் காட்சி தருகிறார்.

நடுவில் நிற்கும் யூதாசு

ரோத்தன்பர்க் நகரின் புனித யாக்கோபு ஆலயத்தில் நம் ஆண்டவரின் திருஇரத்தத் திருப்பண்டம் ஒன்று போற்றிக் காக்கப்பட்டு வந்தது. அதற்காக ஒரு பீடம் அமைக்க நகரத்தார் விரும்பினார்கள். பீடத்தின் மரச்சட்டகத்தை எர்ஹார்ட் ஹார்ஷ்னர் என்னும் தச்சர் 1499இல் தொடங்கினார். உருவங்களை 1501 முதல் 1505 வரை ரீமன்ஷ்னைடர் செதுக்கினார். தச்சருக்கு 50 குல்டன், சிற்பிக்கு 60 குல்டன் என்று கணக்கு உள்ளது. இருவருக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. சட்டகம் இழைத்தவரின் உழைப்பும் உருவம் செதுக்கியவரின் உழைப்பும் ஏறக்குறைய ஒரே தரத்தில் மதிக்கப்பட்டன என்பது நம் கவனத்துக்கு உரியது.

இடப்பக்கக் கதவில் ஆண்டவர் எருசலேமுக்குள் நுழைகிறார். வலப்பக்கத்தில் ஒலிவ மலையில் செபிக்கிறார். நடுவில் இறுதி இரா உணவு. வழக்கமாக அந்தக் காட்சியில் இயேசு நடுநாயகமாக இருப்பார். யூதாசு ஓர் ஓரத்தில் ஒதுங்கியிருப்பான். இங்கோ யூதாசு நடுவில் நிற்கிறான், கையில் பணப்பையோடு. ஆண்டவர் சற்று ஒதுங்கி, அவனை நோக்கித் திரும்பி, அப்பத்துண்டை நீட்டுகிறார். அவன் முகம் அரக்கனின் முகம் அன்று. குழம்பி நிற்கும் ஒரு மனிதனின் முகம். யூதாசின் உருவம் தனித் துண்டாகச் செதுக்கப்பட்டது. அதை வெளியே எடுக்கவும் முடியும். அப்போது அவனால் மறைந்திருந்த யோவான் ஆண்டவரின் மார்பில் சாய்ந்திருப்பது தெரியவரும்.

திருஇரத்தத்தைத் தேடித் திருப்பயணமாக வந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்த மேசையின் முன் நின்றார்கள். எனக்கும் இந்த மனிதனுக்கும் எவ்வளவு தூரம் என்று கேளாமல் அங்கிருந்து நகர முடியாது. உருவங்களுக்குப் பின்னால் சிறு கண்ணாடிச் சாளரங்கள் வைத்திருக்கிறார் சிற்பி. வெயில் நகர நகர முகங்களின் நிழல் மாறுகிறது. நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும் நாமும் அந்த மேசையில் அமர்ந்தவர்களே. ஆண்டவர் யாருக்கும் அப்பத்தை மறுக்கவில்லை; மனம் மாறும் வாய்ப்பையும் மறுக்கவில்லை.

இதையடுத்து, 1505 முதல் 1508 வரையிலான ஆண்டுகளில், கிரெக்லிங்கன் என்ற சிற்றூருக்கு வெளியே உள்ள ஆலயத்துக்கு அன்னை மரியாவின் விண்ணேற்புப் பீடத்தைச் செய்தார். 1384இல் ஓர் உழவர் நிலத்தை உழும்போது நற்கருணை அப்பம் ஒன்றைக் கண்டெடுத்தார் என்பதால் எழுந்த ஆலயம் அது. பீடத்தின் உயரம் 9 மீட்டருக்கும் மேல். வானதூதர்கள் அன்னையைத் தூக்கிச் செல்ல, திருத்தூதர்கள் இரு கூட்டமாக நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். அன்னையின் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை. அமைதியும் மெல்லிய சோகமும் கலந்திருக்கின்றன. ஆகஸ்ட் மாத மாலைகளில் மேற்குச் சாளரத்தின் வழியே வரும் வெயில் அந்த மரத்தின்மேல் விழுந்து அதைப் பொன்னிறமாக்குகிறது. கடவுள் தரும் ஒளி போதும், தங்க இலை வேண்டாம் என்று சிற்பி எண்ணினாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

உழவர்களும் காடும்

பெயரும் செல்வமும் வந்தன. வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கினார். கல்லிலும் அவர் கைதேர்ந்தவர். வூர்ஸ்பர்க் ஆயர் ருடால்ஃப் ஃபொன் ஷெரன்பெர்க் அவர்களின் கல்லறைச் சிற்பத்தையும், பாம்பெர்க் பேராலயத்தில் புனிதர்களான பேரரசர் இரண்டாம் ஹென்றி, அரசி குனிகுண்டா ஆகியோரின் கல்லறையையும் செய்தவர் அவரே. 1504இல் நகர மன்ற உறுப்பினரானார். 1520இல் நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் வாழ்வில் பெரிய சோதனை 1525இல் வந்தது. அந்த ஆண்டின் வசந்த காலத்தில் தெற்கு, நடு ஜெர்மனி முழுவதும் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மார்ச் மாதத்தில் மெம்மிங்கன் நகரில் அவர்கள் 12 கோரிக்கைகளை எழுதி அச்சிட்டார்கள். அவற்றுள் ஐந்தாவது கோரிக்கை காட்டு மரம் பற்றியது. ஒரு காலத்தில் ஊருக்குப் பொதுவாக இருந்த காடுகளைப் பிரபுக்கள் தமதாக்கிக்கொண்டார்கள். அடுப்பெரிக்க விறகும், வீடு கட்டக் கட்டையும் ஏழைக்குக் கிடைக்கவில்லை. காடு மீண்டும் ஊருக்கு வரவேண்டும், தேவைக்கு மரம் வெட்ட உரிமை வேண்டும், அதையும் காட்டை அழிக்காதபடி ஊர் தேர்ந்தெடுத்தவர்கள் கண்காணிக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். மரம் என்பது கலைஞனுக்குச் சிற்பம். ஏழைக்கு அது சோறும் கூரையும்.

வூர்ஸ்பர்க்கை ஆண்டவர் ஆயர் கொன்ராட் ஃபொன் துங்கன். அக்காலத்தில் அங்கே ஆயரே நாட்டின் ஆட்சியாளராகவும் இருந்தார். உழவர்களுக்கு எதிராக நகரத்தாரின் ஆதரவை அவர் எதிர்பார்த்தார். நகர மன்றம் உழவர்களோடு போரிட மறுத்தது. அப்படி மறுத்த மன்றத்தில் ரீமன்ஷ்னைடரும் இருந்தார். அப்போது அவருக்கு வயது 65 அளவில். ஆயர்களின் கல்லறைகளைச் செதுக்கிப் பெயர் பெற்றவர். ஆலயங்களின் வேலையால் வாழ்ந்தவர். இழக்க நிறைய இருந்தவர். ஆட்சியாளரின் பக்கம் நின்றிருந்தால் எதையும் இழந்திருக்க மாட்டார்.

உழவர்கள் மலைமேல் இருந்த மரியன்பெர்க் கோட்டையை முற்றுகையிட்டார்கள், பிடிக்க முடியவில்லை. ஜூன் தொடக்கத்தில் பிரபுக்களின் படை வந்தது. உழவர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். நகரம் பணிந்தது. மன்ற உறுப்பினர்கள் பலரோடு ரீமன்ஷ்னைடரும் கைது செய்யப்பட்டு, கோட்டையில் அடைக்கப்பட்டு, சித்திரவதைக்கு உள்ளானார். இரண்டு மாதம் அளவில் சிறையில் இருந்து, ஆகஸ்ட் 8ஆம் நாள் விடுவிக்கப்பட்டார். சொத்தின் ஒரு பகுதி பறிபோனது.

உழவர்களும் வன்முறையில் இறங்கினார்கள், துறவு மடங்களையும் கோட்டைகளையும் எரித்தார்கள் என்பது உண்மை. ஆனால் திருச்சபையின் ஆயர் ஒருவரின் கோட்டையில், திருச்சபைக்காகவே வாழ்நாள் முழுதும் உழைத்த ஒரு முதியவர் வதைக்கப்பட்டார் என்பதும் உண்மை. இதை எழுதும்போது நம் நெஞ்சு கனக்கிறது. புனித இரண்டாம் யோவான் பவுல் 2000ஆம் யூபிலி ஆண்டில், திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். நம் வரலாற்றுக்கும் பொன் இலை ஒட்டி மறைக்க வேண்டியதில்லை என்பதை அவர் நமக்குக் கற்பித்தார்.

மௌனமும் மறதியும்

சிறையில் அவருடைய கைகளை உடைத்துவிட்டார்கள், அதனால்தான் அவர் பிறகு செதுக்கவில்லை என்று ஒரு கதை வழங்குகிறது. உள்ளத்தை உருக்கும் கதைதான். ஆனால் அக்காலப் பதிவு எதுவும் அதைச் சொல்லவில்லை. 1527இல் கிட்சிங்கன் நகரின் பெண் துறவியர் மடத்தில் அவர் செய்த பழுதுபார்ப்பு வேலைக்குச் சான்று உண்டு. மரத்துக்கு மிகையான பூச்சு வேண்டாம் என்று விட்டவரின் வாழ்வுக்கு நாமும் பூச்சு பூச வேண்டாம். கை உடைந்ததோ இல்லையோ, பெரிய பீடங்களைச் செய்து கொடுக்கும்படி அவரை அதன் பிறகு யாரும் அழைக்கவில்லை என்பதே போதிய துயரம். மேயராக இருந்தவர், மிகப் பெரிய பட்டறையை நடத்தியவர், கடைசியில் பழைய உருவங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆனாலும் கிடைத்த சிறு வேலையை மறுக்கவில்லை. அந்தத் தாழ்ச்சியையும் நாம் நினைவில் கொள்வோம்.

1531ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், நகரின் பாதுகாவலர் புனித கிலியன் திருநாளுக்கு முந்தைய நாளில் அவர் இறந்தார். மகன் யோர்க் கல்லறைக் கல்லைச் செய்து வைத்தார். காலப்போக்கில் அந்தக் கல்லும் மண்ணுக்குள் போனது. சிற்பியின் பெயரும் மறைந்தது. சீர்திருத்தக் கிளர்ச்சியின்போது பல இடங்களில் சுரூபங்கள் உடைக்கப்பட்டன. கிரெக்லிங்கன் ஆலயம் 1530 அளவில் லூத்தரன் சபையினரிடம் சென்றது. அவர்கள் அன்னை மரியாவின் பீடத்தை உடைக்கவில்லை, எரிக்கவில்லை. அதன் கதவுகளை மூடி வைத்தார்கள். மூடிய கதவுகளுக்குள் அன்னை மூன்று நூற்றாண்டுகள் இருந்தார். தூசியும் வெளிச்சமும் படாமல் மரம் காக்கப்பட்டது.

1822இல் வூர்ஸ்பர்க் பேராலயத்தின் அருகே மண்ணைத் தோண்டியபோது கல்லறைக் கல் வெளிப்பட்டது. 1832இல் கிரெக்லிங்கன் பீடத்தின் கதவுகள் திறக்கப்பட்டன. உலகம் அவரை மீண்டும் கண்டுகொண்டது. 1945இல் எழுத்தாளர் தாமஸ் மான், அமெரிக்காவில் ஜெர்மனியைப் பற்றி உரையாற்றியபோது, நீதியின் பக்கம் நின்ற கலைஞராக ரீமன்ஷ்னைடரை எடுத்துக்காட்டினார். அவர் அடைபட்டிருந்த மரியன்பெர்க் கோட்டையில் 20ஆம் நூற்றாண்டில் ஓர் அருங்காட்சியகம் அமைந்தது. அவருடைய சிற்பங்களின் மிகப் பெரிய தொகுப்புகளுள் ஒன்று அங்கேயே இடம்பெற்றது. சிறையாக இருந்த கோட்டையே அவர் புகழைச் சொல்லும் இடமாயிற்று.

இன்னொரு நிகழ்வும் உண்டு. ஃபோல்காக் என்னும் ஊரில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள திருத்தலத்தில் அவர் செதுக்கிய செபமாலை அன்னையின் உருவம் தொங்குகிறது. 1962 ஆகஸ்டில் திருடர்கள் அதைக் கவர்ந்து சென்றார்கள். ஜெர்மன் வார இதழ் ஒன்றின் ஆசிரியர் 1,00,000 மார்க் மீட்புத்தொகை தர முன்வந்தார். உருவம் சேதத்தோடு திரும்பி வந்தது. பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் மக்களின் செபத்துக்கு நடுவே வைக்கப்பட்டது.

நம் சிந்தனைக்கு

உழவர் எழுச்சி நிகழ்ந்து 2025இல் 500 ஆண்டுகள் நிறைவுற்றன. இந்த நேரத்தில் இந்தச் சிற்பியின் வாழ்விலிருந்து நாம் எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று.

முதலாவது, கைவினைஞரை மதிப்போம். திருவிழா நெருங்கும்போது பல பங்குகளில் பழைய மரச் சுரூபங்களுக்குப் பளபளக்கும் பெயிண்ட் அடித்துவிடுகிறோம். அல்லது ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக வாங்குகிறோம். ஒவ்வொரு பூச்சும் முகத்தின் நுணுக்கத்தைச் சிறிது சிறிதாக அடைத்துவிடும். மரம் அறிந்தவர்களைக் கேட்டுச் செய்வோம். நம் முன்னோர் காணிக்கை கொடுத்துச் செய்வித்த சப்பரங்களும் பீடங்களும் நமக்கு உரிமையானவை அல்ல; அடுத்த தலைமுறைக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவை. அன்னையின் பீடத்தை எரிக்காமல் மூடிக் காத்த அந்தப் பிரிந்த சகோதரர்களுக்கும் நாம் நன்றி சொல்வோம்.

இரண்டாவது, மரத்தை மதிப்போம். அந்த உழவர்கள் காட்டை உரிமையாகக் கேட்டபோதே, அதை அழிக்காமல் காக்கும் பொறுப்பையும் சேர்த்துக் கேட்டார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல், பூமியின் துயரமும் ஏழைகளின் துயரமும் வேறு வேறு அல்ல என்று நமக்கு உணர்த்தியது. ஒரு மரம் வெட்டப்படும்போது அது யாருடைய நிழல், யாருடைய விறகு, யாருடைய வாழ்வு என்று கேட்பது கிறிஸ்தவக் கடமை.

மூன்றாவது, நம்மையே சோதித்துப் பார்ப்போம். பதவி, பணம், ஊரார் பேச்சு ஆகியவை நம்மேல் உள்ள பொன் இலைகள். ஒரு நாள் அவை உரியும். நோயில் உரியும், முதுமையில் உரியும், சில வேளைகளில் நீதிக்காக நிற்கும்போது ஒரே நாளில் உரியும். ரீமன்ஷ்னைடருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவரிடம் மிஞ்சியது உண்மையான மரம். நம்மிடம் மிஞ்சுவது என்ன?

நம்மைச் செதுக்கும் தெய்வீகத் தச்சர் மரத்தின் ஓட்டம் அறிந்தவர். அவர் உளி படும்போது வலிக்கும். நம்முள் சிலவற்றைக் குடைந்தும் எடுப்பார். அது நாம் வெடித்துவிடாமல் இருப்பதற்காகவே. அந்தக் கைகளில் நம்மைக் கிடத்துவோம். பூச்சில் மகிழாமல் உண்மையில் நிலைத்திருக்கும் வரத்தை, சிலுவை மரத்தில் நம்மை மீட்ட ஆண்டவர் நம் குடும்பங்களுக்கும் பங்குகளுக்கும் அருள்வாராக. ஆமென்.